ஒன்பதாம் நாள் பலகை

போன மாதம் உங்கள் பயிற்சி முகாமுக்கு என்னைக் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, ஒரு செடித்தொட்டியும் கொடுத்து அனுப்பினீர்கள். போகும்போது ஆளுக்கு ஒரு விசிட்டிங் கார்டை என் கையில் திணித்தீர்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தேன். 'பத்திரிகையாளர், ஓவியர், செயற்பாட்டாளர்' என்று நாலு பேர் போட்டிருக்கிறீர்கள். ஒருவர் கூடுதலாகப் 'பயணி' என்றும் போட்டிருக்கிறார். தம்பானூரில் பஸ் ஏறிக் கொல்லத்தில் இறங்கினாலே ஒருவர் பயணிதான், டிக்கெட் எடுத்திருந்தால் போதும்.

கேலி செய்ய எனக்கு உரிமை உண்டு. இந்த மூன்று பட்டங்களையும் ஒரே தோள்பையில் போட்டுக்கொண்டு இருபது வருஷம் திருவனந்தபுரத்தில் அலைந்தவள் நான். ஒரு மலையாள மாலைப் பத்திரிகையில் நிருபர் வேலை. அதே பத்திரிகைக்குப் படமும் வரைவேன். மிச்ச நேரத்தில் சமரப் பந்தல்களுக்குப் பலகை எழுதுவேன். போராட்டத்துக்கு இந்த ஊரில் சமரம் என்று பெயர். கரமனை அக்கிரகாரத்தில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம் என்னைப் பற்றி என்ன சொல்வது என்று அம்மாவுக்கு ஒரே குழப்பம்.

"ஏண்டி விசாலம், நீ எழுதறயா, படம் போடறயா, தெருவுல நின்னு கத்தறயா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"மூணும்தாம்மா."

"ரெண்டாத்துலயும் கல்யாணம், நடுவுல செத்துதாம் நாய்க்குட்டி. உனக்கு மூணாம். நன்னாயிருக்கு" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அம்மாவுக்கு உலகம் தெரியாது என்று நினைத்தேன். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்பதை நான் தெரிந்துகொண்ட கதையைத்தான் எழுதப் போகிறேன். என் சாதனைகளை எழுதச் சொல்லித்தான் நீங்கள் கேட்டீர்கள். அது உங்கள் முகாமில் வாசித்த குறிப்பிலேயே இருக்கிறது. அதில் எது பொய் என்பதும் இந்தக் கதையில் வரும்.

தலைமைச் செயலகத்துக்கு முன்னால் உள்ள நடைபாதையை நீங்கள் தினமும் கடக்கிறீர்கள். என் காலத்தில் அங்கே பந்தலை ஒட்டிப் பந்தல் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பலகை, சமரம் இத்தனையாம் நாள் என்று. பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் படித்துவிட்டுப் போவார்கள். நம் பத்திரிகை ஆட்கள் முதல் நாள் வருவார்கள், பிறகு ஆம்புலன்ஸ் வந்தால் வருவார்கள். நடுவில் உள்ள பட்டினியெல்லாம் பட்டினி கிடக்கிறவருடைய சொந்த விஷயம்.

இங்கே ஒரு வழக்கத்தை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். பலகையில் உள்ள எண் சமரத்தின் எண், ஆளின் எண் அல்ல. உண்ணாவிரதம் கிடப்பவர் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனால் அடுத்தவர் அதே பெஞ்சில் ஏறிப் படுப்பார். எண் பாட்டுக்கு ஓடும். பெஞ்சு மட்டும் காலியாகக் கூடாது. காலியானால் சமரம் தீர்ந்தது என்று போலீஸ் வந்து பந்தலைப் பிரித்துவிடும்.

தொண்ணூறுகளின் நடுவில், நல்ல இடவப்பாதி மழைக்காலம். சாலை என்கிற கடைத்தெருவுக்குப் பின்னால் கால்வாய் ஓரமாக முப்பது குடும்பங்கள் இருந்தன. இலை, பூ, கீரை விற்கிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், எல்லாரும் நம் தமிழ் ஆட்கள். அந்த வீடுகளை இடித்து ரோட்டை அகலமாக்கப் போவதாக ஒரு துறை நோட்டீஸ் ஒட்டியது. துறையின் பெயர் வேண்டாம், எல்லாத் துறைக்கும் ஒரே பசைதான். மாற்று இடம் தருவோம் என்று வாயால் சொன்னார்கள். எழுத்தில் கொடுங்கள், அதுவரை இடிக்காதீர்கள் என்பதுதான் சமரம். பந்தல் நிற்கும்வரை வீடுகள் நிற்கும். பந்தல் போனால் மறுநாள் காலையில் இயந்திரம் வரும். இதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

சமரக் குழுவின் கன்வீனர் சுகுமாரன். தொண்டை வளமுள்ள மனிதன். மரணம் வரை உண்ணாவிரதம் என்று அவன் அறிவித்துவிட்டான். யாருடைய மரணம் என்று முடிவு செய்யக் குழு கூடியது. ஒருவருக்கு வாயுத் தொல்லை. ஒருவருக்குச் சர்க்கரை. ஒருவருக்கு மகள் கல்யாணம், அதுவும் இன்னும் பெண் பார்க்கவே யாரும் வரவில்லை. சுகுமாரன் கிடக்கலாம், ஆனால் மைக்கில் பேச ஆள் வேண்டுமே. ஓரமாக நின்றிருந்த ரத்னபாய் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான் கிடக்கேன். எனக்கென்ன சோலி? இலைய எங்க கொழுந்தி வித்துக்கிடுவா."

குழித்துறைப் பக்கத்துக்காரி, ஐம்பது வயசு, சாலையில் வாழையிலை வியாபாரம். கண்ணாடி போட்டுப் பை மாட்டிய பெண்கள் எல்லாரும் அவளுக்கு டீச்சர். நானும் டீச்சர். நான் யாருக்கும் ஒன்றும் கற்றுக்கொடுத்ததில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "அதுக்கென்ன டீச்சரே, பள்ளிக்கூடத்திலயும் அப்பிடித்தான்" என்றாள்.

அவள் பெஞ்சில் படுத்தாள். நான் மூன்று வேலையையும் ஆரம்பித்தேன். காலையில் செய்தி, மத்தியானம் அவள் முகத்தை வரைந்த படம், சாயங்காலம் மறுநாளுக்கான பலகை. மூன்றாம் நாளே படத்தில் அவள் கன்னத்தைக் குழிய வைத்துவிட்டேன். நிஜக் கன்னம் அப்போது நன்றாகவே இருந்தது. பேப்பரை வாங்கிப் பார்த்தவள், "இதாரு? எங்கம்மை சாவும்போ இப்பிடியாக்கும் இருந்தா" என்றாள். கலை உண்மையை முந்திக்கொண்டு போகும் என்று நான் அவளுக்கு விளக்கம் சொன்னேன். நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

எங்கள் நியூஸ் எடிட்டர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். வெற்றிலை போடும் மனிதர், வாய் திறப்பது அபூர்வம். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

"அந்தப் பந்தலுக்கு நீ யாராகப் போகிறாய்?"

"மனுஷியாக" என்றேன், நிமிர்ந்து நின்றுகொண்டு.

"மனுஷிக்கு இங்கே வேகன்சி இல்லை. நிருபராகப் போவதானால் பிரஷ்ஷை வைத்துவிட்டுப் போ. பிரஷ்ஷோடு போவதானால் செய்தியை வேறு ஆளுக்குக் கொடு."

உணர்ச்சி செத்த மனிதர் என்று முடிவு கட்டிவிட்டு வெளியே வந்தேன். உங்களிடம் இப்படி யாராவது சொன்னால் நீங்களும் அப்படித்தான் முடிவு கட்டுவீர்கள்.

இனி என் கெட்டிக்காரத்தனத்துக்கு வருகிறேன். மழையில் எனாமல் பெயிண்ட் காயாது. நாலாம் நாள் எழுதியது ஒழுகிக் கால் நீண்டு நின்றது. ஐந்தாம் நாள் காலையில் நான் போகத் தாமதமாயிற்று, பலகையில் பழைய நாலே தொங்கியது. ரத்னபாய்க்கு ஆங்காரம் வந்துவிட்டது. "நான் ஒரு நாளு முழுக்க பச்சத்தண்ணியில கிடந்திருக்கேன், அத எங்க காணோம்?" என்று கேட்டாள். நியாயம்தானே. அன்றைக்கே வீட்டில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, இருந்த அட்டைகளையெல்லாம் வெட்டி, ஆறிலிருந்து இருபத்தைந்து வரை எண்களை ஒரே மூச்சில் எழுதிக் காயவைத்தேன். சிவப்பில் நல்ல தடித்த எண்கள். பிளாஸ்டிக் தாளில் சுற்றி, நனையாத இடம் வேண்டுமே என்று, ரத்னபாய் படுத்திருந்த பெஞ்சுக்கு அடியிலேயே தள்ளி வைத்தேன். தினம் ஒன்றை உருவித் தொங்கவிட்டால் போதும். மற்ற பந்தல்காரர்கள் வந்து பார்த்து மெச்சிவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எட்டாம் நாள் காலையில் அரசு டாக்டர் வந்து பார்த்தார். ரத்னபாயை ஆஸ்பத்திரிக்கு வந்துவிடச் சொன்னார். சிறுநீரகம் கெடத் தொடங்குகிறது, இன்றோ நாளையோ நிறுத்த வேண்டும் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். இப்போது கன்னம் நிஜமாகவே குழிந்திருந்தது. மத்தியானம் அந்தத் துறையின் அதிகாரி கையில் ஃபைலோடு வந்தார். நல்ல மனிதர், அதாவது மழையில் வந்திருந்தார். எல்லாக் குடும்பத்துக்கும் நகரத்துக்குள்ளேயே மாற்று இடம் என்று வரைவு உத்தரவு ஃபைலில் இருந்தது. கையெழுத்துக்கு முன்னால் ஒரு தடவை பேசி முடிக்க வந்திருக்கிறார். சுகுமாரனுக்கே குரல் தணிந்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியைப் பெஞ்சுக்குப் பக்கத்தில் போட்டோம். அவர் உட்கார்ந்து நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். நாற்காலிக் கால் பெஞ்சடியில் இருந்த அட்டைக்கட்டோடு சிக்கி, கட்டுப் பிரிந்து, அட்டைகள் அவர் செருப்பின் மேல் சரிந்து விழுந்தன.

ஒன்பது, பத்து, பதினொன்று. அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். ஃபைல் பார்த்தே பழகிய கை, வரிசை தவறாமல் அடுக்கியது. கடைசி அட்டை வந்ததும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது ஆரு எழுதியது?"

என் நகக்கண்ணில் சிவப்புப் பெயிண்ட் இருந்தது. அதை அவர் பார்த்தார்.

"நல்ல கையெழுத்தாணு" என்றார். அடுக்கைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்தார். "அப்போ நிங்கள் கையில் இனியும் பதினேழு திவசம் உண்டல்லோ. பின்னே எனக்கு மாத்திரம் எந்தினா அவசரம்? ஞான் அடுத்த ஆழ்ச வராம்."

பதினேழு நாள் கையிருப்பு உள்ளவர்களுக்கு அடுத்த வாரம் போதுமாம். ஃபைலை மூடிக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். சுகுமாரன் பின்னாலேயே ஓடிப் பேசிப் பார்த்தான், கேட் வரைக்கும். உத்தரவு அந்த ஃபைலுக்குள்ளேயே போயிற்று.

நான் பெஞ்சின் பக்கம் திரும்பினேன். ரத்னபாய் தலையைச் சரித்து அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்கத் தெரியாது, ஆனால் கட்டுக்கட்டாக இலை எண்ணுகிறவளுக்கு எண் தெரியும்.

"டீச்சரே, எனக்கு இருவத்தஞ்சு வரைக்கும் எழுதி வச்சிருக்கியளா?"

"பெயிண்ட் காயறதில்ல. அதனாலதான்..."

"அது செரி. இருவத்தஞ்சில நிறுத்தினது எதுக்கு? அட்டை தீந்து போச்சா, இல்ல நான் தீந்து போவேன்னா?"

அட்டைதான் தீர்ந்து போயிருந்தது. அதைச் சொன்னேன். அவள் மறுபடி மல்லாந்து படுத்துக்கொண்டாள். என் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமாக ஓர் உண்மையை நான் சொன்னதில்லை.

இத்தோடு விட்டேனா? மறுநாள் காலையில் அலுவலகத்தில் உட்கார்ந்து செய்தி எழுதினேன். 'அதிகாரியின் பிடிவாதத்தால் பேச்சு முறிந்தது' என்று. அட்டை ஒன்றுகூட அதில் இல்லை. சமரத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நிருபரை ஏமாற்றிய செயற்பாட்டாளருக்கும் செயற்பாட்டாளருக்குக் கீழ்ப்படிந்த நிருபருக்கும் ஒரே சம்பளம்தான் வந்தது.

மத்தியானம் பத்திரிகை பந்தலுக்கு வந்தது. சுகுமாரன் உரக்கப் படித்தான். ரத்னபாய் கடைசி வரி வரைக்கும் கேட்டாள்.

"இதில அந்த அட்டைய எங்க?"

"அது வேணாம்னு விட்டிருக்கேன்" என்றேன்.

"ஓ" என்றாள். பிறகு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். "எனக்குப் பசிக்கி. டாக்டரு வரச் சொன்னாருல்லா, நான் போறேன். நீங்க கிடங்க."

"நானா?"

"பின்ன? எழுதினது நீங்கதானே. நீங்களே கிடந்து தீருங்க. ஆனா வீடு போவப்பிடாது, கேட்டியளா? போச்சுன்னா முப்பது வீட்டுக்காரியளும் உங்க வாசல்லதான் வந்து இருப்போம்."

ஆட்டோ வந்தது. அவளை இரண்டு பெண்கள் தாங்கிக்கொண்டு போனார்கள். பெஞ்சு காலி. எதிர்ப்புறம் இரண்டு போலீஸ்காரர்கள் தேநீர்க் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். நான் ஆண்கள் பக்கம் திரும்பினேன். வாயு அப்படியே இருந்தது, சர்க்கரை ஏறியிருந்தது, மகளுக்கு இன்னும் மாப்பிள்ளை வரவில்லை. "சேச்சி, ஒரு மணிக்கூர் கிடந்தா மதி. அதுக்குள்ள ஆளைப் பிடிக்காம்" என்றான் சுகுமாரன். ஒரு மணி நேரம் போதுமாம், அதற்குள் வேறு ஆள் பிடித்துவிடுவானாம். முப்பது வீட்டுப் பெண்களும் என்னையே பார்த்தார்கள்.

தியாகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெட்கத்தில்தான் படுத்தேன். அதற்கு முன்னால் பூத்துக்குப் போய் நியூஸ் எடிட்டருக்குப் போன் செய்தேன். அந்த ஐந்து நிமிஷம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சுகுமாரன் இரண்டு தடவை வாட்சைப் பார்த்தானாம்.

"சார், நாளைக்கு நான் செய்தி தர முடியாது. நான்தான் செய்தி."

அவர் வெற்றிலையைத் துப்பும் சத்தம் கேட்டது. "வேறு ஆளை அனுப்புகிறேன். அவன் கேட்பான். நீ உண்மையைச் சொல்."

பலகையில் ஒன்பது தொங்கியது. சமரத்தின் ஒன்பதாம் நாள், வழக்கப்படி சரிதான். அதற்குக் கீழே நான், காலையில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு. அக்கிரகாரத்துப் பெண், பத்திரிகையாளர், ஓவியர் என்று சேதி பரவியதும் எட்டு நாளாக எட்டிப் பார்க்காத கேமராக்களெல்லாம் வந்தன. எங்கள் அலுவலகத்து நிருபரும் வந்தார். உங்களைப் போலவே சுறுசுறுப்பு. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தலையைத் தூக்கிப் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நோட்டில் 9 என்று எழுதினார். அவர் எழுதுவதை நான் பார்த்தேன்.

தம்பி, அது ரத்னபாயின் எண், எனக்கு இன்றுதான் ஒன்று என்று சொல்ல ஒரு மூச்சு போதும். என்னிடம் மூச்சுக்குக் குறைவில்லை, பட்டினி தொடங்கி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் ஒன்று என்பது செய்தியில்லை, ஒன்பதுதான் செய்தி என்று எனக்குள் இருந்த நிருபர் சொன்னாள். சிவப்பு எண்ணும் கீழே சாய்ந்த முகமும் படத்துக்கு நன்றாக இருக்கும் என்று ஓவியர் சொன்னாள். வீடுகள் பிழைக்கும் என்று செயற்பாட்டாளர் சொன்னாள். மூன்று பேரும் இப்படி ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததே இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுநாள் எங்கள் நியூஸ் எடிட்டருக்கு வார விடுமுறை. எல்லாப் பத்திரிகையிலும் என் முகம், நாலு பத்தி அகலத்தில். ஒன்பது நாள் பட்டினி கிடக்கும் பெண் பத்திரிகையாளர். அன்று சாயங்காலமே அதே அதிகாரி கையெழுத்தான உத்தரவோடு வந்தார். என் ஒன்றரை நாளில் முடிந்துவிட்டது.

"மேலேருந்து விளிச்சு" என்றார், போன் பிடிப்பதுபோல் கையைக் காதில் வைத்துக்கொண்டு. "எட்டு திவசம் ஆரும் விளிச்சில்ல." கொஞ்சம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "ஆளு மாறினது ஞான் கண்டு. பறயில்ல, பேடிக்கண்டா" என்றார். யாரிடமும் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம் என்று அரசாங்கமே எனக்குத் தைரியம் சொல்லிவிட்டுப் போனது.

உத்தரவை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே கையில் ஊசியோடு படுத்திருந்த ரத்னபாய் தாளைத் தடவிப் பார்த்தாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு, "எப்பிடி இருந்து பட்டினி?" என்று கேட்டாள். தலை சுற்றியது, காப்பி இல்லாமல் கை நடுங்கியது, அழுகை வந்தது என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து அதட்டினாள்.

திருத்தம் போட வேண்டும் என்று அன்றே நினைத்தேன். இடம் அளந்து கொடுக்கட்டும் என்று சுகுமாரன் சொன்னான். நியாயமாகப் பட்டது. பிறகு பட்டா வரட்டும் என்று நானே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் ஒரு நல்ல காரணம் கிடைத்தது. எல்லாம் முடிந்து எழுதிக்கொண்டு போய் நியூஸ் எடிட்டர் மேஜையில் வைத்தபோது மூன்று மாதம் ஆகியிருந்தது. அவர் இரண்டு தடவை படித்தார்.

"இது அன்றைக்குச் செய்தி. இன்றைக்கு உன் சொந்தக் கவலை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அம்மா சொன்ன நாய்க்குட்டி எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

பால் கெட்டபிறகு காய்ச்சினால் திரியத்தான் செய்யும். அதன் பிறகு எனக்குக் கிடைத்த பரிசு, பாராட்டுப் பத்திரம் எல்லாவற்றிலும் அந்த ஒன்பது நாள் இருக்கிறது. உங்கள் முகாமில் வாசித்த குறிப்பிலும் இருந்தது. எழுதியவர் யாரென்று தெரியாது, என்னைக் கேட்டுச் சரிபார்க்கவில்லை என்பது மட்டும் தெரியும். நானும் பொன்னாடைக்குள் கமுக்கமாக இருந்துவிட்டேன்.

பல வருஷம் கழித்து, ஊரெல்லாம் ஃப்ளெக்ஸ் முளைத்த காலத்தில், அந்தக் குடும்பங்கள் குடியேறிய இடத்தில் ஆண்டு விழா வைத்தார்கள். வாசலில் என் முகம், ஆள் உயரத்துக்கு. 'ஒன்பது நாள் பட்டினி கிடந்து நமக்கு வீடு தந்த சேச்சி.' ரத்னபாயின் படம் எங்கும் இல்லை. சுகுமாரன் தலைமை. அன்றைக்காவது சொல்லிவிடுவது என்று தீர்மானித்து மைக்கைப் பிடித்தேன். நான் கிடந்தது ஒன்றரை நாள், முதல் எட்டு நாளும் கிடந்தது ரத்னபாய், இந்த வீடுகள் அவள் வாங்கித் தந்தவை என்று சொன்னேன்.

பயங்கரக் கைதட்டல். சுகுமாரன் மைக்கை வாங்கிக்கொண்டான். "கண்டோ! ஒம்பது நாள் கிடந்துட்டு ஒண்ணரைன்னு சொல்லணும்னா எத்தனை பெரிய மனசு வேணும்! நம்ம சேச்சியோட எளிமை இதாக்கும்!"

இல்லை, சத்தியமாக ஒன்றரை நாள்தான் என்று மைக் இல்லாமலே கத்தினேன். கைதட்டல் இன்னும் கூடியது. முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புதிதாகக் கல்யாணமாகி அங்கே வந்தவளாம்.

யாரோ என் முழங்கையைப் பிடித்தார்கள். ரத்னபாய். சமையல் பக்கத்திலிருந்து வந்திருந்தாள், கையெல்லாம் ஈரம்.

"மதி, டீச்சரே, எறங்குங்க. இனி யாரு நம்பப் போறா? வந்து சாப்பிடுங்க. நீங்க பசி தாங்க மாட்டிய."